நூறு வீட்டுப் பிளான் ஒரு ஊரை மாற்றுமா? சமத்துவபுரத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை_ஆர்க்கி:

எல்லோருக்கும் வணக்கம். கட்டடக்கலை நான்காம் வருடம் படிக்கிறேன், அடுத்த வருடம் தீசிஸ். வகுப்பில் பாதிப் பேர் மெட்ரோ ஸ்டேஷன், மியூசியம், ரிசார்ட் என்று எடுத்துவிட்டார்கள். நான் சமத்துவபுரத்தை எடுக்கலாம் என்று கைடிடம் போய்ச் சொன்னேன். "அது சமூகவியல் பாடமாச்சே, இதில் டிசைன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், வாயில் வரவில்லை. இரண்டு வாரமாக அதே கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1990களில் தென்மாவட்டங்களில் அடுத்தடுத்து சாதிக் கலவரங்கள் நடந்தன இல்லையா, அந்தப் பின்னணியில், எல்லாச் சாதியினரையும் ஒரே குடியிருப்பில் குடிவைக்க 1997இல் கலைஞர் அரசு அறிவித்த திட்டம் இது. முதலாவது சமத்துவபுரம் 1998இல் எங்கள் மாவட்டத்திலேயே, திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஒரு புரத்துக்கு 100 வீடு. அதில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, மீதி 10 மற்றவர்களுக்கு. எல்லா வீடும் ஒரே மாதிரி. சமுதாயக்கூடம் ஒன்று, சுடுகாடு ஒன்று, நுழைவில் பெரியார் சிலை. ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது, அப்புறம் மறுபடி வந்தது. 2022இல் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியில்கூட ஒன்றைத் திறந்தார்கள்.

போன மாதம் ஒரு புரத்துக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்து அளந்து வரைந்துகொண்டு வந்தேன். காகிதத்தில் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. நேர் நேராகத் தெரு, பெட்டி பெட்டியாக வீடு. எங்கள் கல்லூரியில் வரைபடங்களை மதிப்பிடுகிற ஜூரியில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் என் அம்மாச்சி ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், யாரையும் கேட்காமலே எந்தத் தெரு யாருடையது என்று சொல்லிவிடலாம். கோயிலைச் சுற்றி யார், ஊருணிக்கு அந்தப் பக்கம் யார், மழைத்தண்ணீர் வடிந்து தேங்குகிற பள்ளத்தில் யார் என்று அந்த ஊரே வரைந்து வைத்திருக்கிறது. இந்தப் புரத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை, நான் முயற்சி செய்து பார்த்தேன்.

அதனால் கேட்கிறேன். அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பக்கத்துப் பக்கத்தில் குடிவைத்ததால் நிஜமாகவே ஏதாவது மாறியதா? அப்படி மாறியிருந்தால் அதில் பிளானுக்குப் பங்கு உண்டா, இல்லை அரசாங்க ஆணைக்கும் சட்டத்துக்கும் மட்டும்தானா? வேறு ஊர், வேறு நாட்டு அனுபவம் இருந்தாலும் சொல்லுங்கள்.

---

நெல்லை_சுந்தரம்:

கேள்வி நல்ல கேள்விதான் தங்கச்சி, ஆனால் உங்கள் கைடு சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டடம் யாரையும் மாற்றாது. நான் முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவன். என் கண்ணால் பார்த்த மாற்றம் எல்லாம் மூன்று இடத்திலிருந்து வந்தது: பள்ளிக்கூடம், இடஒதுக்கீடு, ஊரை விட்டு வெளியே கிடைத்த வேலை. வயல்கூலியை நம்பி இருக்கிற வரைக்கும், நிலம் வைத்திருப்பவர் பக்கத்து வீட்டில் இருந்தாலும் அவர் முன்னால் துண்டு இடுப்புக்குத்தான் இறங்கும். சமத்துவபுரத்தில் வீடு வாங்கி, கொஞ்ச நாளில் வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய ஊருக்கே திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். கல்யாணம் யார் வீட்டில் என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். அதில் ஒன்றும் மாறவில்லை.

உங்களைச் சோர்வாக்கச் சொல்லவில்லை. ஒரு வரைபடத்தின் மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

---

மேட்டுத்தெரு_முருகன்:

நான் சமத்துவபுரத்தில் வளர்ந்தவன். எட்டு வயதில் போனோம், இப்போதும் அம்மா அங்கேதான் இருக்கிறார். எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை, தென்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த நாற்பதில் ஒரு வீடு.

சுந்தரம் சார் சொன்ன கல்யாண விஷயம் உண்மை. எங்கள் தெருவில் இருபது வருடத்துக்கு மேலாகியும் சாதி மாறி நடந்த கல்யாணம் ஒன்றுதான், அவர்களும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். திருவிழா என்றால் ஆளாளுக்கு அவரவர் பழைய ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அந்த மூன்று நாளும் தெருவே காலியாக இருக்கும். இதை மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் பிளானுக்குப் பங்கு உண்டா என்று கேட்டீர்களே, அதற்கு நான் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது குழாயடி. எங்கள் தெரு முனையில் ஒரு குழாய். வீடு ஒதுக்கியது குலுக்கல் போட்டு என்பதால் இந்த வீடு இன்னார், அந்த வீடு இன்னார் என்று வரிசை கிடையாது. அந்தக் குழாய்க்கு வருகிற எட்டுப் பத்து வீட்டில் எல்லாச் சாதியாரும் இருந்தோம். எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். நல்ல மனுஷி, எனக்கு முறுக்கு எல்லாம் கொடுப்பார். ஆனால் எங்கள் அம்மா குடத்தை எடுத்தபிறகு, கைநிறையத் தண்ணீர் அள்ளி அந்தக் குழாய்த் தலையைக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பார். அம்மா பார்த்துக்கொண்டே நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். ஆறேழு மாதம் இப்படியே போயிற்று. அப்புறம் ஒரு கோடையில் குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. ஒரு குடம் நிறைய அரைமணி நேரம். கழுவுவதற்கு ஊற்றுகிற தண்ணீர் அன்றைக்குக் கணக்குக்கு வந்துவிட்டது. ஒரு நாள் கழுவாமல் வைத்தார், மறுநாளும் வைத்தார், அதோடு சரி. மழை வந்து தண்ணீர் பெருகிய பிறகும் கழுவவில்லை. வரிசையில் அரைமணி நேரம் நின்றால் சும்மாவா நிற்க முடியும், அந்த வரிசையில்தான் அம்மாவும் அவரும் பேசப் பழகினார்கள். இரண்டு தெருவுக்கு இரண்டு குழாய் என்று பிளான் போட்டிருந்தால், வீட்டை வரிசையாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், அந்தப் பெரியம்மா கழுவுவதை நிறுத்தியிருக்கவே மாட்டார்.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. பெண்களுக்கு இடுப்பு ஒடிகிற வேலை போனது, நல்லதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழாயடி போனபிறகு அதற்குப் பதிலாக ஆள் கூடுகிற இடம் என்று ஒன்றையும் யாரும் யோசிக்கவில்லை. சமுதாயக்கூடம் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று தேட வேண்டும்.

இரண்டாவது சுடுகாட்டுப் பாதை. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தாத்தா இறந்தது பழைய ஊரில். ஐப்பசி மாதம். ஊர்த்தெரு வழியாக எங்கள் ஆட்களின் பாடை போகக்கூடாது. வாய்க்கால் இறங்கி, நடவு முடிந்த வயலுக்குள் இடுப்பளவு சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை மாமா தோளில் வைத்திருந்தார். வரப்பில் கால் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்து தாத்தாவின் கை வெளியே தொங்கியது. அது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பா இறந்தது புரத்தில். அங்கே சுடுகாட்டுக்கு ஒரே ஒரு ரோடுதான் இருக்கிறது. யார் இறந்தாலும் பெரியார் சிலையைச் சுற்றி, நடுத்தெரு வழியாக, எல்லா வீட்டு வாசலையும் தாண்டித்தான் போயாக வேண்டும். வேறு வழி போட இடமே இல்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்றவர்கள் நின்றபடி இருந்தார்கள், சிலர் செருப்பைக் கழற்றினார்கள். அந்தப் பெரியம்மாவின் மகன் கடைசிவரை தோள் கொடுத்தான்.

உங்கள் கைடு டிசைன் எங்கே என்று கேட்டாரே, அந்த ஒற்றை ரோட்டைக் காட்டுங்கள். இரண்டாவது ரோடு போடாமல் விட்டதுதான் டிசைன்.

---

ரேவதி_க:

முருகன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நான் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன். நாங்கள் சென்னையில் ஆற்றங்கரையில் இருந்தவர்கள். எங்களை அங்கிருந்து எடுத்து, நகரத்துக்கு ரொம்ப வெளியே எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வைத்தார்கள். இடத்தின் பெயர் வேண்டாம், என் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். பக்கா வீடு, உள்ளேயே கக்கூஸ், எரியாத கூரை. குடிசை தீப்பிடித்து நடுராத்திரி தெருவில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும், அதனால் வீட்டைக் கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் அம்மா வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்று எங்களை வளர்த்தவர். கரையில் இருந்தபோது வீடு, கடை, திண்ணை எல்லாம் ஒரே இடம். ஒரு கண் இட்லிப் பானையில், ஒரு கண் தொட்டிலில். அடுத்த வீட்டு அக்கா தக்காளி இல்லை என்றால் கை நீட்டி வாங்கிக்கொள்வார். இங்கே எங்களுக்கு ஆறாவது மாடி. கதவைத் திறந்தால் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், பகலிலும் லைட் போட்டால்தான் முகம் தெரியும். ஆறாவது மாடிக்கு ஏறிவந்து யார் இட்லி வாங்குவார்கள்? மாவுத் தூக்குவாளியும் ஸ்டவ்வும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஏறி, லிஃப்ட் நின்றுபோகிற நாளில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, இரண்டே வருடத்தில் அம்மா தொழிலை விட்டார். அவர் சம்பாத்தியத்தை நிறுத்தியது வியாதி இல்லை, அந்த மாடிப்படி.

இதையும் சமூக மாற்றம் என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டடம் யாரையும் மாற்றாது என்கிறார் சார். எங்கள் அம்மாவை மாற்றிவிட்டது, வியாபாரியாக இருந்தவர் மகன் கையை எதிர்பார்க்கிற கிழவியாகிவிட்டார். எங்கள் வீட்டை வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. வரைவதற்கு முன்னால் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் வந்து கேட்கவில்லை, அது மட்டும் தெரியும்.

மதுரைத் தங்கச்சி, நீ போகிற இடத்தில் ஒன்றை எண்ணிப் பார். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி யாரிடமும் கேட்காமல், யாரும் ஏன் என்று பார்க்காமல், அரைமணி நேரம் உட்காரக்கூடிய இடம் எத்தனை இருக்கிறது என்று. ஆண்களுக்கு டீக்கடை இருக்கும், எங்களுக்குத் திண்ணையை விட்டால் வேறு கிடையாது.

---

கொத்தனார்_மகன்:

நான் சிவில், நாகர்கோவில் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் கட்டுகிறேன். ரேவதி அக்கா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். வீடு என்பதை முடித்துக் கையில் கொடுக்கிற பொருளாக நினைத்ததில்தான் தப்பு ஆரம்பிக்கிறது.

சிலி நாட்டில் இக்கிக்கே என்று ஒரு ஊர். அங்கே கின்டா மொன்ராய் என்ற இடத்தில் கிட்டத்தட்ட நூறு குடும்பங்கள் முப்பது வருடமாக ஆக்கிரமிப்பில் இருந்தன, ஊருக்கு நடுவில், வெறும் அரை ஹெக்டேரில். அரசு ஒரு குடும்பத்துக்குத் தந்தது 7,500 டாலர். நிலம், தெரு, குழாய், வீடு எல்லாம் அதற்குள். மலிவான நிலம் தேடி வெளியே தள்ளியிருந்தால் பெரிய வீடே கட்டியிருக்கலாம். கட்டடக்கலைஞர் அலெஹான்ட்ரோ அரவேனாவும் அவருடைய எலிமென்டல் குழுவும் நிலத்தை அங்கேயே வாங்கினார்கள், விலை அதிகம். மிச்சக் காசில் முழு வீடு வராது. அதனால் பாதி வீடு கட்டினார்கள், ஆனால் எந்தப் பாதி என்பதில்தான் மூளை இருக்கிறது. அடித்தளம், சுவர், படிக்கட்டு, கழிவறை, சமையலறை என்று ஒரு குடும்பம் தானாகச் செய்ய முடியாததைக் கட்டிவிட்டு, பக்கத்தில் அதே அளவு இடத்தை வெறுமையாக விட்டார்கள். குடும்பங்களை முதலிலிருந்தே உட்காரவைத்துப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். 2004இல் முடிந்தது. 36 சதுர மீட்டரில் கிடைத்த வீட்டை மக்கள் தங்கள் காசில் எழுபது வரைக்கும் வளர்த்துக்கொண்டார்கள். வேலை, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அரவேனாவுக்கு முன்னாலேயே நம் நாட்டில் இந்தூரில் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி செய்த அரண்யா இருக்கிறது. சுமார் 6,500 குடும்பங்களுக்கான நகர்ப்பகுதி. ஏழைகளுக்குக் கொடுத்தது அடிமேடை போட்ட மனை, கழிவறையோடு, கூடவே ஒரு அறை. வசதியானவர்களுக்கு விற்ற மனையின் லாபத்தை இந்தப் பக்கம் திருப்பினார்கள். மாதிரிக்கு எண்பது வீடு கட்டிக் காட்டினார்கள். திண்ணை, பால்கனி, தெருவிலிருந்து ஏறுகிற படி என்று எது எதை எப்படிச் சேர்க்கலாம் என்று பார்த்து மக்களே சேர்த்துக்கொள்ள வேண்டியது. அக்கா அம்மாவின் இட்லிக் கடைக்கு அந்த மனையில் இடம் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யார் கட்டுகிறார்கள், காசு யார் கைக்குப் போகிறது என்பதும் டிசைனில்தான் முடிவாகிறது. என் அப்பா கொத்தனார். திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் பாணி வேலையில் கொஞ்ச காலம் இருந்தார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நெட்டுக்கு நிறுத்தி, உள்ளே இடைவெளி விட்டுக் கட்டுகிற ரேட் ட்ராப் கட்டு அங்கேதான் கற்றுக்கொண்டார். கல்லில் நாலில் ஒரு பங்கு மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் சூடும் குறைவு. கான்கிரீட் தளத்தின் அடியில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து சிமென்டைக் குறைப்பார்கள். சிமென்டுக்கும் கம்பிக்கும் போகிற காசு கைவேலைக்குப் போகிறது. பேக்கர் சைட்டில் நின்று கொத்தனார்களோடு பேசிப் பேசித்தான் கட்டினார் என்று அப்பா சொல்வார். "அந்த சைட்ல என்னைக் கேட்டாங்கடா, இந்த வளைவு நிக்குமானு என்னைக் கேட்டாங்க" என்பார். அவருக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சமத்துவபுரத்தின் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. ஒரே மாதிரி வீடு என்பது தொடக்கத்தில் சரி, யாரும் உயர்த்தியில்லை என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் மகனுக்குக் கல்யாணமானால் எந்தப் பக்கம் ஒரு அறை எடுப்பது, வாசல் எப்படி வளரும் என்று அந்தப் பிளானிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும். ஆர்க்கி, உங்கள் தீசிஸ் அங்கே கை வைக்கலாம்.

---

நெல்லை_சுந்தரம்:

முருகன் தம்பி, உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கட்டடம் யாரையும் மாற்றாது என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அப்புறம் எனக்கே உறைத்தது. மதுரை மாவட்டத்து உத்தப்புரம் சுவரை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன். 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பிய சுவர், தலித் மக்கள் நடமாட முடியாமல் அத்தனை வருடம் மறித்து நின்றது. வெறும் கல்லும் சுண்ணாம்பும்தான் அத்தனை வருடம் அந்த வேலையைச் செய்தது. சுவருக்கு அவ்வளவு பலம் இருந்தால் பாதைக்கும் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். 2008 மே மாதம் அந்தச் சுவரின் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டார்களே, அது எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுத்து நடக்கவில்லை. மக்களும் இடதுசாரி இயக்கத்தினரும் விடாமல் நின்றதால் மாவட்ட நிர்வாகம் இடித்தது. வழியைத் திறக்கப் போராட்டம் வேண்டும். திறந்த வழி மறுபடி அடைபடாமல் இருக்க உங்கள் வரைபடம் வேண்டும். தீசிஸில் இரண்டையும் எழுதுங்கள் தங்கச்சி.

---

மதுரை_ஆர்க்கி:

எல்லோருக்கும் நன்றி. நாலு முறை படித்துவிட்டேன். கைடிடம் நாளைக்குப் போகிறேன். வீட்டு எலிவேஷனை, அதாவது முகப்புத் தோற்றத்தை, விட்டுவிட்டு மூன்று விஷயத்தை மட்டும் அளந்து வரையலாம் என்று இருக்கிறேன்: சுடுகாட்டுப் பாதை, குழாயடி இருந்த இடம், ரேவதி அக்கா சொன்ன உட்காருகிற இடங்கள். இந்த மூன்றையும் அம்மாச்சி ஊரிலும் வரைந்து பக்கத்துப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். பிறகு, வீடுகள் எந்தப் பக்கம் வளர்ந்திருக்கின்றன என்பதையும் கொத்தனார்_மகன் அண்ணா சொன்னபடி குறித்துக்கொள்கிறேன்.

முருகன் அண்ணா, தப்பாக நினைக்காவிட்டால் உங்கள் ஊருக்கு ஒரு நாள் வரலாமா? ஊர்ப் பெயரை எங்கேயும் எழுத மாட்டேன்.

---

மேட்டுத்தெரு_முருகன்:

தாராளமாக வாம்மா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் அம்மா வாசலில்தான் இருப்பார், எதிர்வீட்டுப் பெரியம்மாவும் இருப்பார், அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனால் குழாய்க் கதையைக் கேட்டால் அவரே சொல்வார். மறைக்க மாட்டார்.

டேப் எடுத்துக்கொண்டு வா, கூடவே நல்ல தடிமனான செருப்பு. சுடுகாட்டு ரோட்டில் கடைசி நூறு அடியைக் கருவேலம் மூடிவிட்டது. போன வாரம் நாலு வீட்டு ஆட்கள் சேர்ந்து பாதி வெட்டினோம், மீதியை நீ வருகிற ஞாயிறுக்குள் வெட்டிவிடுவோம்.